தடை வேண்டும் என்றவர் பிறகு வேண்டாம் என்பது ஏன்?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்று முதல் முறையாக வாக்களிக்கப் போகிறேன். என் அண்ணன் குடியரசுக் கட்சி ஆதரவாளர். என் கணவர் ஜனநாயகக் கட்சி. ரஷ்யா மீதான பொருளாதாரத் தடை என்று பேச்சு எழுந்தாலே வீட்டில் சண்டைதான். சண்டை எனக்குப் பழகிவிட்டது, குழப்பம் வேறு. 2019இல் "தடையைத் தளர்த்தவே கூடாது" என்ற கணவர், 2022 தொடக்கத்தில் "இந்தத் தடை இப்போது வேண்டாம்" என்றார். அண்ணன் இரண்டு முறையும் அதற்கு நேர் எதிர். இருவரும் படித்தவர்கள், நேர்மையானவர்கள். தடைகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா? எந்தக் கட்சி சொல்வதை நம்புவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருபது வருடங்களுக்கு மேலாக வங்கிகளில் தடை விதிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். கட்சி அரசியல் என் துறை இல்லை. ஆனால் வாஷிங்டனில் ஒரு தடை அறிவிக்கப்பட்டால் அடுத்த அரை மணி நேரத்தில் அது என் மேசைக்கு வந்துவிடும். அதனால் இரண்டு கட்சி அதிபர்களின் தடைகளையும் அமல்படுத்திப் பார்த்த அனுபவம் உண்டு. அந்த இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவனித்தது சரிதான், அது உங்கள் வீட்டில் மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டிலேயே அந்த இடமாற்றம் பதிவாகியிருக்கிறது. இரண்டு வாக்கெடுப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

முதலாவது 2019 ஜனவரி. அதற்கு முந்தைய வருடம் ஏப்ரல் 6ஆம் தேதி, ட்ரம்ப் அரசின் கருவூலத் துறை ரஷ்யத் தொழிலதிபர் ஒலெக் டெரிபாஸ்காவையும் அவருடைய நிறுவனங்களையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் ஒன்று ருசால், உலகின் மிகப் பெரிய அலுமினிய உற்பத்தியாளர்களில் ஒன்று. அந்தத் தடை என்ன செய்தது என்பதை நான் நேரில் பார்த்தேன். லண்டன் உலோகச் சந்தையில் அலுமினியத்தின் விலை இரண்டே வாரத்தில் கால் பங்குக்கு மேல் ஏறியது. ரஷ்யாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத சிறிய தொழிற்சாலைக்காரர்கள்கூட, "கப்பலில் இருக்கும் சரக்குக்குப் பணம் அனுப்பலாமா, கூடாதா?" என்று கேட்டுத் தவித்தார்கள். அயர்லாந்தில் ருசாலுக்கு, அலுமினியத்தின் மூலப்பொருளான அலுமினாவைத் தயாரிக்கும் ஒரு பெரிய ஆலை இருக்கிறது. அது நின்றால் தங்கள் தொழிற்சாலைகளும் நின்றுவிடும் என்று ஐரோப்பிய அரசுகள் வாஷிங்டனிடம் மன்றாடின. கருவூலத் துறையும் கால அவகாசத்தை மறுபடி மறுபடி நீட்டித்தது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: தாய் நிறுவனத்தில் சுமார் 70 சதவீதமாக இருந்த தன் பங்கை டெரிபாஸ்கா 45 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால் நிறுவனங்கள் மீதான தடை நீங்கும், அவர் மீதான தடை தொடரும்.

ஜனநாயகக் கட்சி இதை எதிர்த்தது. இது புதினுக்குச் செய்யும் சலுகை என்பது அவர்கள் வாதம். தடை நீக்கத்தைத் தடுக்கும் தீர்மானத்துக்கு செனட்டில் 57 பேர் ஆதரவு, 42 பேர் எதிர்ப்பு. செனட் நடைமுறைப்படி விவாதத்தை முடித்து மேலே செல்ல 60 பேர் ஆதரவு வேண்டும், கிடைக்கவில்லை. மறுநாள் கீழவையான பிரதிநிதிகள் சபையில் அதே தீர்மானம் 362க்கு 53 என்று நிறைவேறியது, ஆனால் செனட்டில் தோற்ற பிறகு அதனால் பயனில்லை. அந்த மாதமே தடை நீங்கியது.

இரண்டாவது 2022 ஜனவரி 13. இப்போது வெள்ளை மாளிகையில் பைடன். ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குக் கடலடியில் போடப்பட்ட நார்ட் ஸ்ட்ரீம் 2 எரிவாயுக் குழாய் நிறுவனத்தின் மீது தடை போட வேண்டும் என்று குடியரசுக் கட்சியின் டெட் க்ரூஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதற்கு முந்தைய மே மாதத்தில் பைடன் அரசு அந்த நிறுவனத்துக்கு விலக்கு அளித்திருந்தது. இப்போது, இது புதினுக்குச் செய்யும் சலுகை என்று குடியரசுக் கட்சி சொன்னது. இந்தத் தடையைப் போட்டால் ஜெர்மனியுடன் உள்ள ஒற்றுமை உடையும், நட்பு நாடுகளைப் பகைத்துக்கொள்ள இது நேரமில்லை என்றது ஜனநாயகக் கட்சி. வாக்கு: 55 ஆதரவு, 44 எதிர்ப்பு. இங்கும் 60 தேவை. இதுவும் தோற்றது.

கவனித்தீர்களா? மூன்று வருட இடைவெளியில் வாதங்கள் அப்படியே இருந்தன, சொன்னவர்கள்தான் மாறினார்கள். ஐரோப்பிய நட்பு நாடுகள் பாதிக்கப்படும் என்பது 2019இல் குடியரசுக் கட்சி அரசின் வாதம், 2022இல் ஜனநாயகக் கட்சி அரசின் வாதம். புதினுக்குச் சலுகை என்பது முதலில் ஜனநாயகக் கட்சியின் குற்றச்சாட்டு, பிறகு குடியரசுக் கட்சியினுடையது. உங்கள் கணவரும் அண்ணனும் தங்கள் கட்சியோடு சேர்ந்தே திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். இந்த இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் எந்தப் பக்கம் நின்றாலும் மனசாட்சி உறுத்துவதில்லை.

ஏன் இப்படி? கட்சி விசுவாசம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது எளிது. அது பாதிக் காரணம்தான். மறு பாதி, தடை என்ற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

1977இல் வந்த ஒரு சட்டம், தேசிய அவசரநிலை என்று அறிவித்துவிட்டு வெளிநாட்டுச் சொத்துகளை முடக்கவும் பரிவர்த்தனைகளைத் தடுக்கவும் அதிபருக்கு அதிகாரம் தருகிறது. ஈரான் தொடர்பாக 1979 நவம்பரில் ஜிம்மி கார்ட்டர் அறிவித்த அவசரநிலையை இரண்டு கட்சி அதிபர்களும் வருடா வருடம் நீட்டித்தே வந்திருக்கிறார்கள். அதாவது தடையைப் போடுவதும் தளர்த்துவதும் பெரும்பாலும் ஒருவர் கையெழுத்தில் இருக்கிறது. அதிபர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்கு "அவர் கையைக் கட்டாதீர்கள், பேரம் பேச இடம் கொடுங்கள்" என்று தோன்றும். எதிர்க்கட்சிக்கு "கையைக் கட்டித்தான் ஆக வேண்டும்" என்று தோன்றும். அதோடு, தடையின் செலவு ஆட்சியில் இருப்பவர் தலையில்தான் விழும். பெட்ரோல் விலை ஏறினாலும், பெர்லினிலிருந்து கோபமான தொலைபேசி அழைப்பு வந்தாலும், அது வெள்ளை மாளிகையின் தலைவலி. அந்தப் பாரம் இல்லாதவர் உரக்கப் பேச முடியும். நாளைக்கே ஆட்சிக்கு வந்தால் அவர் குரல் தணியும். இதை நான் ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்துவிட்டேன்.

காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், உறுதியாக நினைத்தால் அதிபரின் கையைக் கட்டவும் முடியும். 2016 தேர்தலில் ரஷ்யா தலையிட்டதைத் தொடர்ந்து 2017இல் ஒரு தடைச் சட்டம் வந்தது. ரஷ்யா மீதான முக்கியத் தடைகளைத் தளர்த்துவதற்கு முன் அதிபர் காங்கிரஸுக்குத் தெரிவித்து, பொதுவாக 30 நாள் பரிசீலனைக்கு விட வேண்டும் என்றது அது. செனட்டில் 98க்கு 2, பிரதிநிதிகள் சபையில் 419க்கு 3. வீட்டோ செய்து மறுத்தாலும் காங்கிரஸ் அதை முறியடித்துவிடும் என்ற நிலையில் ட்ரம்ப், சட்டத்தில் கடுமையான குறைகள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டார். 2019 வாக்கெடுப்பு நடந்ததே அந்தச் சட்டம் திறந்துவிட்ட வழியில்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2025இல் ரஷ்ய எண்ணெய் வாங்கும் நாடுகளின் பொருள்கள் மீது 500 சதவீத வரி விதிக்க வழி செய்யும் மசோதாவில் 80க்கும் மேற்பட்ட செனட்டர்கள் இணைந்து கையெழுத்திட்டார்கள், இரண்டு கட்சியினரும்தான். அப்படியும் மாதக்கணக்கில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அதிபர் எப்போது தலையசைப்பார் என்று அவர் கட்சித் தலைமை காத்திருந்தது. பெரும்பான்மை இருந்தும் தயக்கம் வெல்வது இப்படித்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கட்சிகளுக்குள் உண்மையான கருத்து வேறுபாடே இல்லை, எல்லாம் நாற்காலிச் சண்டை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஈரான் விவகாரத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு வேறு நம்பிக்கைகள் மோதின. ஒபாமா அரசின் பார்வையில் தடை என்பது சேர்த்து வைத்த பணம் மாதிரி. அதைச் செலவழித்து அணுத் திட்டத்துக்கு ஒரு வரம்பை வாங்க வேண்டும். 2015 ஜூலை ஒப்பந்தம் அப்படி வந்ததுதான்: யுரேனியம் செறிவூட்டல் 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பதிலுக்குத் தடைகள் தளரும். எதிர்த்தவர்களோ, ஏவுகணை, ஆயுதக் குழுக்களுக்கான ஆதரவு எல்லாவற்றையும் சேர்த்துப் பேசாமல் தடையை விட்டுக்கொடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது என்றார்கள். அந்தச் செப்டம்பரில் செனட்டில் ஒப்பந்தத்தை நிராகரிக்கும் முயற்சிக்கு 58 வாக்குகள் கிடைத்தன, 60 கிடைக்கவில்லை. அந்த 58இல் நான்கு பேர் ஜனநாயகக் கட்சியினர், சக் ஷூமர் உட்பட. சொந்தக் கட்சி அதிபரின் மிகப் பெரிய வெளியுறவுச் சாதனைக்கு எதிராக வாக்களித்தார்கள். இதை நாற்காலிச் சண்டை என்று ஒதுக்க முடியாது.

2018 மே மாதம் ட்ரம்ப் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு நடந்தது இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது, அதுதான் சிக்கல். ஈரானின் எண்ணெய் ஏற்றுமதி நாளொன்றுக்குச் சுமார் 25 லட்சம் பீப்பாயிலிருந்து 5 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. தடை வலித்தது, சந்தேகமே இல்லை. அதே காலத்தில் செறிவூட்டல் படிப்படியாக ஏறி, 2021 ஏப்ரலில் 60 சதவீதத்தைத் தொட்டது. ஆதரித்தவர் முதல் எண்ணைக் காட்டுகிறார், எதிர்த்தவர் இரண்டாவதை. இருவரும் பொய் சொல்லவில்லை. வலி வேறு, பலன் வேறு என்பதை மட்டும் பிரித்துப் பேச மாட்டார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய நேர்மையான பதிலும் அதில்தான் இருக்கிறது. தடைகள் வேலை செய்கின்றனவா என்று கேட்டால், எதற்காகப் போட்ட தடை என்றுதான் திருப்பிக் கேட்பேன். இருபதாம் நூற்றாண்டுத் தடைகளை வரிசையாக ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள், சுமார் மூன்றில் ஒரு பங்கில் ஓரளவாவது வெற்றி என்றார்கள். 1997இல் அரசியல் ஆய்வாளர் ராபர்ட் பேப் அவர்கள் வெற்றி என்று எண்ணிய 40 நிகழ்வுகளை எடுத்துச் சோதித்து, ஐந்துதான் தேறும் என்றார். மற்றவற்றில் பலவற்றைத் தீர்த்தது படைபலம், அல்லது கேட்டதை எதிராளி கொடுக்கவே இல்லை என்பது அவர் வாதம். வெற்றி என்பதை எப்படி அளக்கிறோம் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இத்தனை தூரம் இருக்கும்போது, சாப்பாட்டு மேசையில் உடன்பாடு வராததில் வியப்பில்லை.

ரஷ்யாவையே எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரி படையெடுப்புக்குப் பிறகு மேற்கு நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை முடக்கின. அதில் பெரும்பகுதி பெல்ஜியத்தில் உள்ள யூரோகிளியர் என்ற பத்திரக் காப்பு நிறுவனத்தில் கிடக்கிறது. ரூபிள் சரிந்து, மார்ச்சில் ஒரு டாலருக்கு 120ஐத் தாண்டியது. ரஷ்ய மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 9.5 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக்கியது. அந்த வருடம் ரஷ்யப் பொருளாதாரம் 8.5 சதவீதம் சுருங்கும் என்று ஏப்ரலில் சர்வதேச நாணய நிதியம் கணித்தது. அந்த வாரங்களில் எங்கள் பிரிவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் ஜூன் மாதத்துக்குள் ரூபிள் போருக்கு முன் இருந்ததைவிட வலுவாகிவிட்டது. சுருக்கமும் கணிப்பைவிட மிகக் குறைவு. 2023இல் பொருளாதாரம் மீண்டும் வளர்ந்தது.

"பார்த்தாயா, தடை தோற்றது" என்று ஒரு பக்கம் ரூபிளைக் காட்டியது. அந்த ரூபிள் பாதி செயற்கையானது. பணத்தை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு, இறக்குமதி வீழ்ச்சி, எகிறிய எண்ணெய், எரிவாயு விலை, இந்த மூன்றும் சேர்ந்து தூக்கி நிறுத்தியது அது. இறக்குமதி செய்ய முடியாத நாட்டின் நாணயம் வலுவாக இருப்பது ஆரோக்கியத்தின் அடையாளம் இல்லை. சரி, அப்படியானால் தடை வென்றதா? போர் நிற்கவில்லையே. போரை நிறுத்துவது நோக்கம் என்றால் தோல்வி. போருக்கான செலவைக் கூட்டி, நல்ல சிப்புகளும் இயந்திரங்களும் கிடைக்காமல் செய்வது நோக்கம் என்றால் ஓரளவு பலன். எந்த நோக்கத்துக்காக என்று எந்த அதிபரும் ஒரே வரியில் கடைசிவரை மாறாமல் சொன்னதில்லை. அந்த இடைவெளியில்தான் கட்சிப் பேச்சு குடியேறுகிறது.

எண்ணெய் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ரஷ்ய எண்ணெயை அமெரிக்கா வாங்கக் கூடாது என்ற சட்டம் 2022 ஏப்ரலில் செனட்டில் 100க்கு 0 என்று நிறைவேறியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அமெரிக்கா ரஷ்யாவிடம் வாங்கியது குறைவு, அதனால் அந்த ஒற்றுமை எளிதாக வந்தது. உலகமே வாங்கக் கூடாது என்று போயிருந்தால்? அந்த ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோல் காலனுக்கு 5 டாலரைத் தாண்டியிருந்தது. அதனால் டிசம்பரில் வந்தது முழுத் தடை அல்ல, விலை உச்சவரம்பு: பீப்பாய் 60 டாலருக்கு மேல் போனால் மேற்கத்தியக் காப்பீடும் கப்பலும் கிடைக்காது. எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வருமானம் மட்டும் குறைய வேண்டும் என்ற திட்டம் இது. ரஷ்யா பழைய கப்பல்களைச் சேர்த்துத் தனிக் கப்பல் கூட்டம் ஒன்றை உருவாக்கி அதில் பெரிய ஓட்டை போட்டது. ரொஸ்னெஃப்ட், லுக்ஆயில் என்ற இரண்டு பெரிய எண்ணெய் நிறுவனங்கள் மீது முழுத் தடை வர 2025 அக்டோபர் வரை ஆனது. அதைப் போட்டது ட்ரம்ப் அரசு. ரஷ்யாவிடம் மென்மையானவர் என்று உங்கள் கணவர் சொல்லியிருக்கக்கூடிய அதே ட்ரம்ப்.

யார் வயிற்றில் அடிக்கிறது என்பதுதான் பல நேரங்களில் கட்சியைவிடப் பெரிய கேள்வி. பழைய உதாரணம் ஒன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும், 1980 ஜனவரி 4ஆம் தேதி கார்ட்டர் 1.7 கோடி டன் தானிய ஏற்றுமதியை நிறுத்தினார். சோவியத் நாடு அர்ஜென்டினா உள்ளிட்ட பிற நாடுகளிடம் வாங்கிக்கொண்டது. நஷ்டம் அமெரிக்க விவசாயிக்கு. கம்யூனிசத்தை அத்தனை கடுமையாக எதிர்த்த ரீகன், அந்தத் தடையை எதிர்த்துப் பிரசாரம் செய்தார், 1981 ஏப்ரலில் நீக்கியும் விட்டார். மறு வருடமே சைபீரிய எரிவாயுக் குழாய்க்குக் கருவிகள் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய நிறுவனங்கள் மீதும் தடையை நீட்டினார். பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் உட்பட ஐரோப்பா கொதித்தது. அந்த வருட நவம்பரில் அதையும் திரும்பப் பெற்றார். அமெரிக்க விவசாயி தாங்க வேண்டிய தடை கசந்தது, ஐரோப்பியத் தொழிலாளி தாங்க வேண்டிய தடை இனித்தது. கார்ட்டருக்கும் ரீகனுக்கும் சோவியத் பற்றி இருந்த கருத்து வேறுபாடு இதை விளக்காது. பாரம் யார் தோளில் என்பதுதான் விளக்கும்.

ஒரு தடையைப் பற்றி அதன் ஆதரவாளரிடம் நான் எப்போதும் கேட்பது: இதை எப்போது எடுப்பீர்கள்? பதில் வராவிட்டால் எனக்குக் கவலை வந்துவிடும். சோவியத் யூதர்கள் வெளியேற அனுமதி மறுக்கப்பட்டதற்காக 1974இல் காங்கிரஸ் ஜாக்சன்-வானிக் திருத்தத்தைக் கொண்டுவந்தது, அடுத்த ஜனவரியில் அது சட்டமானது. நோக்கம் நல்லது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது, வெளியேறும் கட்டுப்பாடும் போனது. ஆனால் அந்தத் திருத்தம் ரஷ்யாவின் மீது 2012 டிசம்பர் வரை இருந்தது. எடுத்தபோதும் சும்மா எடுக்கவில்லை, ரஷ்ய அதிகாரிகள் மீது புதிய தடை விதிக்கும் மாக்னிட்ஸ்கி சட்டத்தோடு சேர்த்துத்தான் எடுத்தார்கள். கியூபா இன்னும் கடினம். 1996இல் இரண்டு சிவில் விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்ட கோபத்தில் நிறைவேறிய ஹெல்ம்ஸ்-பர்டன் சட்டம், அதுவரை அதிபர் கையில் இருந்த தடையைச் சட்டமாகவே கெட்டிப்படுத்தியது. அதனால் ஒபாமாவால் அதைத் தளர்த்த முடிந்ததே தவிர, நீக்க முடியவில்லை. எதிராளி நாம் கேட்டதைச் செய்தாலும் தடை போகாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால், அவன் ஏன் செய்ய வேண்டும்?

இங்கே என் மனதில் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்சிகள் சண்டை போடும் தடையைவிட, சண்டையே போடாத தடைதான் எனக்கு அதிக பயம். 1990 ஆகஸ்டில் ஈராக் மீது ஐ.நா. விதித்த தடையை முதலில் புஷ், அப்புறம் கிளின்டன், இருவருமே தாங்கிப் பிடித்தார்கள். வாஷிங்டனில் பெரிய எதிர்ப்பு இல்லை. ஈராக் எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்க வழி செய்யும் ஐ.நா. திட்டத்தின் முதல் உணவுச் சரக்கு போய்ச் சேர 1997 ஆகிவிட்டது. அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே, மக்கள் படும் பாட்டைப் பார்த்து 1998இல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் ஃபொன் ஸ்போனெக்கும் 2000இல் விலகினார். சதாம் நாற்காலியை விட்டு அசையவில்லை. எதிர்க்கட்சி ஒன்று விடாமல் கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவு வருடம் இழுத்திருக்குமா என்று நான் இன்றும் நினைப்பதுண்டு. அதனால் உங்கள் வீட்டுச் சண்டையை நான் கெட்டதாகப் பார்க்கவில்லை.

உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டே என்று சட்டத்தைக் காட்டுவார்கள். உண்டுதான். ஆனால் 2014இல் பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி சூடான், ஈரான், கியூபா தடைகளை மீறியதற்காகச் சுமார் 900 கோடி டாலர் கட்டியது. அதற்குப் பிறகு எந்த வங்கியும் சந்தேகம் என்று வந்தாலே கதவைச் சாத்திவிடும். எங்கள் பிரிவில் ஒரு பெயர் பட்டியலோடு பொருந்தினால் "ஹிட்" என்போம். பெரும்பாலும் அது வேறு ஆளாகவே இருக்கும். ஒருமுறை மருந்து அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தின் பணம் வெறும் பெயர் ஒற்றுமையால் வாரக்கணக்கில் நின்றது. சட்டப்படி அதை அனுமதிக்கலாம் என்று எனக்குத் தெரியும். என் மேலதிகாரிகளுக்கும் தெரியும். கையெழுத்துப் போட ஒருவரும் முன்வரவில்லை. அந்த நிறுவனத்தின் பெண்மணி தினமும் தொலைபேசியில் அழைத்தார். இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

இதைச் சொன்னதால் தடையே கூடாது என்பவன் நான் என்று எண்ண வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு மீது 1986இல் காங்கிரஸ் தடை விதித்தது. ரீகன் வீட்டோ செய்தார். செனட் அப்போது அவருடைய சொந்தக் கட்சியின் கையில் இருந்தது. வெளியுறவுக் குழுத் தலைவர் ரிச்சர்ட் லூகரும் அவர் கட்சிக்காரர்தான். அந்த செனட்டே 78க்கு 21 என்று வீட்டோவை முறியடித்தது. நிறவெறி அரசை வீழ்த்தியது அந்த மக்களின் போராட்டம். தடை ஒரு துணை. ஆனால் அந்தச் சட்டத்தில் என்ன வேண்டும் என்பது தெளிவாக இருந்தது: நெல்சன் மண்டேலாவையும் அரசியல் கைதிகளையும் விடுவிப்பது உள்ளிட்ட நிபந்தனைகள் எழுதியே இருந்தன. அவை பெரும்பாலும் நிறைவேறியதும் 1991இல் தடை விலக்கப்பட்டது. போட்டவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் கணக்கு புரிந்த தடை அது.

இனி, யாரை நம்புவது என்ற உங்கள் கேள்வி. கட்சியை நம்ப வேண்டாம், ஆளைப் பாருங்கள். அது உங்களால் முடியும், ஏனென்றால் செனட்டின் பெயர்வாரி வாக்குப் பட்டியல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 2019 ஜனவரி 16, 2022 ஜனவரி 13, இந்த இரண்டு பட்டியல்களையும் எடுத்து வையுங்கள். மார்கோ ரூபியோ, சூசன் காலின்ஸ் இருவரும் 2019இல் சொந்தக் கட்சி அதிபரை எதிர்த்து வாக்களித்த 11 குடியரசுக் கட்சியினரில் அடக்கம். 2022லும் தடைக்கே வாக்களித்தார்கள். ஜனநாயகக் கட்சியில் டாமி பால்ட்வினும் மேகி ஹாசனும் அப்படித்தான், 2022இல் பைடனை மீறிய ஆறு பேரில் அவர்கள் இருவர். மறுபக்கம், குடியரசுக் கட்சியின் ராண்ட் பால் 2017, 2019, 2022 மூன்றிலும் தடைக்கு எதிராகவே நின்றார். அவர் கருத்து எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் அதிபர் யார் என்று பார்த்து அவர் மாறவில்லை, அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். உங்கள் மாநிலத்து ஆட்களையும் இதே போலப் பாருங்கள்.

வாக்கை மட்டும் வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். 2017இல் எதிர்த்த இருவரில் இன்னொருவர் பெர்னி சாண்டர்ஸ். ரஷ்யா மீதான தடையை அவர் ஆதரித்தார். அதே மசோதாவில் ஈரான் தடையும் கட்டப்பட்டிருந்ததால், அது அணு ஒப்பந்தத்தைக் குலைத்துவிடும் என்று எதிர்த்தார். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அவர் ரஷ்ய ஆதரவாளர் போலத் தெரிவார். ஒரு மசோதாவுக்குள் எதையெல்லாம் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அவிழ்த்துப் பார்த்த பிறகே பேசுவது நல்லது.

வேட்பாளர் யாராவது மக்கள் கூட்டத்துக்கு வந்தால், "ரஷ்யா விஷயத்தில் நீங்கள் கடுமையா, மென்மையா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாரும் "கடுமை" என்றுதான் சொல்வார்கள். ரஷ்யா எதைச் செய்தால் எந்தத் தடையை எடுப்பீர்கள், முடக்கிய அந்த 30,000 கோடி டாலரை என்ன செய்வீர்கள், உங்கள் கட்சி ஆட்சியில் இல்லாதபோதும் அதிபருக்கு இந்த அதிகாரம் இருக்கலாமா என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

வீட்டைப் பொறுத்தவரை ஒரே ஒரு யோசனை. 2019 பட்டியலை அண்ணனிடம் கொடுத்து, அவர் கட்சியின் 11 பேர் ஏன் அதிபரை மீறினார்கள் என்று அவரையே விளக்கச் சொல்லுங்கள். 2022 பட்டியலைக் கணவரிடம் கொடுத்து, அந்த ஆறு பேரைப் பற்றிக் கேளுங்கள். தன் பக்கத்திலேயே மாறி நின்றவருக்காக ஒருமுறை வாதாடிப் பார்க்கட்டும். அதன் பிறகு இருவரும் என்ன சொன்னார்கள் என்று நேரம் கிடைக்கும்போது எனக்கு எழுதுங்கள்.